பள்ளிக்கு வரும் காலநிலைப் பெட்டி: அலகு தேறியது, பாட்டில் தேறவில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளில் ஒரு நாள் முகாமாக நடத்திக்கொடுக்கும் காலநிலை, பரிணாமப் பயிற்சிப் பெட்டி பற்றிய விமர்சனம் இது. ஒரு பெட்டி 40 பேருக்குப் போதும். பத்தாம் வகுப்பில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடம் முடிந்த கையோடு கூப்பிட்டால் நன்றாக எடுபடும்.

பெட்டியின் உயிரே அலகு விளையாட்டுதான். மாணவர்கள்தான் பறவைகள்; இடுக்கி, துணிக் கிளிப், பிளாஸ்டிக் ஸ்பூன் என்று மூன்று வகை அலகு. தட்டில் ராகி, கொள்ளு, புளியங்கொட்டை. 30 வினாடியில் பொறுக்கியது டம்ளரில் விழ வேண்டும். குறைவாகப் பொறுக்கிய பாதிப் பேர் அவுட். அவர்கள் அடுத்த சுற்றில் குஞ்சுகளாகத் திரும்பி வருவார்கள், கையில் பிழைத்தவர்களின் அலகோடு. மூன்றாவது சுற்றில் மழை பொய்க்கிறது: ராகியும் கொள்ளும் காலி, புளியங்கொட்டை மட்டும். வழவழப்பான கொட்டை இடுக்கியில் நழுவி பெஞ்சுக்கு அடியில் ஓடும், கிளிப் கவ்விக்கொள்ளும். இன்னும் இரண்டு சுற்று போனால் வகுப்பில் பெரும்பாலும் கிளிப்தான். 1977 வறட்சியில், பசிபிக் கடலில் உள்ள கலாபகஸின் டாஃப்னி மேஜர் தீவில், உயிரியல் ஆய்வாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அளந்து பார்த்ததும் இதுவே. சிறு விதை தீர்ந்து கடின விதை மிஞ்சியபோது தடித்த அலகுள்ள ஃபிஞ்ச் குருவிகளே அதிகம் பிழைத்தன. குஞ்சுகளுக்கும் அந்த அலகு வந்தது.

இதைக் கெடுப்பது ஒன்றே ஒன்று. “ஸ்பூன் வேணாம் சார், கிளிப் குடுங்க” என்று பையன் கேட்பான். இரக்கப்பட்டு மாற்றிக் கொடுத்தால் போச்சு: தேவைப்பட்டதால் அலகு மாறியது என்றாகிவிடும், ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்ட பழைய கதை. கையேட்டில் இந்த எச்சரிக்கை இல்லை.

காலநிலைப் பகுதி சுமார். வாய் திறந்த இரண்டு பாட்டில், ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும், மேலே பல்பு. கார்பன் டை ஆக்சைடு உள்ள பாட்டில் அதிகம் சூடாகிறதாம். சூடாவது உண்மை, வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதால் என்று சொல்லும் காரணம் தப்பு. உண்மையில், கனமான வாயு அடியில் தங்கி, மேல்காற்றோடு கலக்காமல் சூட்டை அடைத்து வைக்கிறது. வெப்பக் கதிரை உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். போதாக்குறைக்கு, சோடா வினை வெப்பத்தை இழுப்பதால் அந்தப் பாட்டில் குளிர்ந்தே தொடங்கும். இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே தண்ணீரில் வைத்துச் சரிபார்ப்பதும் கிடையாது.

ஐஸ் சோதனை பரவாயில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் மிதக்கும், இன்னொன்றில் நீருக்கு மேலே துருத்தும் கல்லின் மேல் இருக்கும். மிதப்பது உருகினால் மட்டம் உயராது, கல்லின் மேல் இருப்பது உருகினால் உயரும். நீர்மட்டக் கோட்டை ஐஸ் வைத்த பிறகே போட வேண்டும். முன்பே போட்டால் மிதக்கும் ஐஸும் மட்டத்தை உயர்த்தியதாகத் தெரியும். ஓசூர் மார்கழிக் காலையில் உருக நேரமாகும், முதல் வேலையாக வைத்துவிடுவது நல்லது.

பெரிய குறை, இரண்டு பகுதிக்கும் பாலம் இல்லாதது. கலிபோர்னியாவில் வறட்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த கடுகு இனச் செடியின் விதைகளைச் சேர்த்து விதைத்தபோது, பின்னது சீக்கிரம் பூத்தது. 2007-ல் வெளியான ஆய்வு. பெட்டியில் உள்ள பனிக்கரடிப் படத்துக்குப் பதில் இதை வைத்திருக்கலாம். அதோடு ஒட்டுக் கட்டி வளர்த்த பெங்களூரா ரக மாந்தோப்பையும் காட்டலாம். ஒட்டுக்கு மேலே எல்லா மரமும் ஒரே மரபணு. இயற்கைத் தேர்வு நடக்க வேறுபாடு வேண்டாமா?

முன்பதிவின்போதே பாட்டிலை விட்டுவிட்டு அலகை இரண்டு முறை கேளுங்கள், முகாம் நடத்துபவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். புளியங்கொட்டை மட்டும் கால் கிலோ பள்ளியே வாங்கி வைக்கட்டும். அவர்கள் கொண்டுவருவதில் பாதி சொத்தை.