பதின்மூன்று வருட 86ஐ மாற்றலாமா?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை நண்பர் ஒருவர் கூப்பிட்டார். வேலை மாறி பெர்த்துக்குக் குடிபோகிறார், காரை விற்க வேண்டும். “அண்ணே, முதல்ல உங்ககிட்டதான் கேக்குறேன். நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு நிம்மதி” என்றார். அவருடையது 2023இல் பதிவான டொயோட்டா ஜிஆர்86. என்னிடம் இருப்பது 2012 செப்டம்பரில் புதிதாக வாங்கிய முதல் தலைமுறை 86, ஆறு கியர் மேனுவல். ஓடோமீட்டர் அப்போது 1,48,000 கி.மீ. காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஆறு வாரம் இதைத் தவிர வேறு எதையும் நான் அதிகம் யோசிக்கவில்லை.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையின் பாதி மனசு சம்பந்தப்பட்டது, மீதிப் பாதி சிஓஇ சம்பந்தப்பட்டது. சிஓஇ என்பது கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்க வேண்டிய பத்து வருட உரிமைச் சான்றிதழ். 2022இல் என் காருக்குப் பத்து வயது முடிந்தபோதே ஒருமுறை இதே முச்சந்தியில் நின்றேன். பதிவை ரத்துசெய்து காரை ஒப்படைத்திருந்தால் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைத்திருக்கும். புதுப்பித்தால் அந்தக் கழிவு போய்விடும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் பாதித் தொகை போதும், ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு தடவை புதுப்பிக்க முடியாது. நான் பத்து வருடத்துக்கே எடுத்தேன். புதுப்பிக்கக் கட்ட வேண்டியது முந்தைய மூன்று மாத ஏலங்களின் சராசரி. அது அப்போது பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. பதின்மூன்று வருடத்தில் இந்தக் காருக்காக நான் எடுத்த பெரிய முடிவு அதுதான். ஒரு நாள்கூட வருந்தியதில்லை. ஆனாலும் நண்பர் கேட்டதும் மனசு ஆடியது உண்மை.

முதலில் என் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த வண்டி. ஜப்பானின் குன்மா மாநிலத்தில் உள்ள சுபாருவின் ஓட்டா ஆலையில் தயாரானது. எஞ்சின் சுபாருவின் பாக்சர் வகை, 1,998 சிசி, 200 குதிரைத்திறன். சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒரே அளவு, 86 மி.மீ. எண்பதுகளின் டொயோட்டா ஏஇ86 காரை நினைவில் வைத்துப் பெயரிட்ட காரில் அந்த எண் எஞ்சினுக்குள்ளும் இருப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம். பாக்சர் என்பதால் சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கின்றன. எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. காரின் எடை முழுவதும் முழங்காலுக்குக் கீழே இருப்பது போன்ற உணர்வு முதல் நாளிலேயே வந்துவிடும்.

ஆலையிலிருந்து இது வந்த டயர் 17 அங்குல மிஷெலின் பிரைமசி. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸுக்கும் அதே ரகத்தைத்தான் போட்டார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் இந்த டயர் என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். நான் மூன்று தடவை டயர் மாற்றிவிட்டேன், மூன்று தடவையும் பிரைமசிதான். காரணம் கொஞ்ச நேரத்தில் வருகிறது.

மறக்க முடியாத பலவீனமும் ஒன்று உண்டு. 3,500 ஆர்பிஎம்மில் தொடங்கி 4,500 வரை முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் இழுவை, பள்ளத்தில் இறங்குகிறது. இந்தக் காரின் 205 நியூட்டன் மீட்டர் முழுதாக வந்து சேர்வது 6,400க்கு மேலே. விரைவுச்சாலையில் மூன்றாம் கியரில் லாரியை முந்த நினைத்து மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பழகியவனுக்கு வலது கால் மிதிக்கும் முன்பே இடது கை இரண்டாம் கியருக்குப் போயிருக்கும். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

பராமரிப்பில் பெரிய கதை இல்லை. 1,10,000 கி.மீ.யில் கிளட்ச் மாற்றினேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் சில வருடம் வெயிலில் நின்றதால் கூரையில் பெயின்ட் மங்கிவிட்டது. சும்மா நிற்கும்போது எஞ்சினிலிருந்து சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் வரும். அது உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பின் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பாக்சர் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில், சட்டத்தை ஒட்டி இருக்கின்றன. கை நுழைவதே கஷ்டம். அவசரப்பட்ட ஒரு பட்டறையில் பிளக் மாற்றும்போது இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இணைப்புக் கிளிப்பை உடைத்துவிட்டுச் சொல்லாமல் மாட்டி அனுப்பினார்கள். அன்று இரவே தீவு விரைவுச்சாலையில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்தது. அதன் பிறகு இந்த எஞ்சினை ஏற்கெனவே திறந்து பார்த்தவர்களிடம் மட்டுமே கொடுக்கிறேன்.

சரி, நண்பரின் காருக்கு வருவோம்.

“ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்று அவரும் கூடவே கிளம்பினார். இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். முக்கால் டேங்க் பெட்ரோலோடு துவாஸ் பாலம் கடந்து மலேசியாவுக்குள் போய், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பிடித்து, தாப்பாவில் இறங்கிக் கேமரன் மலை. 500 கி.மீ.க்கு மேல். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலையைத்தான் நான் எந்தக் காரையும் எடைபோடப் பயன்படுத்துவேன். நேர்க்கோடு என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மழையில் சாலை பளபளக்கும், மூங்கில் ஏற்றிய லாரி எதிரே வரும்.

அந்த ஏற்றத்தில் ஜிஆர்86 என்னைக் கவிழ்த்துவிட்டது. அதன் எஞ்சின் 2,387 சிசி, 235 குதிரைத்திறன். ஆனால் குதிரைத்திறனைவிட முக்கியமானது 250 நியூட்டன் மீட்டரும் 3,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதுதான். என் காரில் பள்ளம் இருக்கும் அதே இடத்தில் இதற்கு மேடு. பத்து வருடமாகச் சொல்லப்பட்ட குறையைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த இடத்திலேயே கை வைத்திருக்கிறார்கள். நண்பரின் கார் ஆட்டோமேட்டிக். அப்படியிருந்தும் வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்த கணமே இழுத்தது. மேனுவல் வகைகளின் அதிகாரபூர்வக் கணக்கில் 100 கி.மீ. வேகத்தை எட்ட என் காருக்கு 7.6 விநாடி, புதியதற்கு 6.3. மலை ஏற்றத்தில் வித்தியாசம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. உடலும் கெட்டியாகியிருக்கிறது, கூரை அலுமினியம், எடை அதிகம் கூடவில்லை. மேடு பள்ளத்தில் என் கார் கடகடவென்று உதறிய இடங்களை அது ஒரே அசைவில் முடித்துக்கொண்டது.

மலைமேல் தானா ராத்தா ஊரில் டீ குடித்துக்கொண்டே மனதுக்குள் விலை பேசத் தொடங்கிவிட்டேன். என் சிஓஇயில் இன்னும் ஆறே முக்கால் வருடம் மீதி. இப்போது ஒப்படைத்தால் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வரும். அதற்கு மேல் கையிலிருந்து ஏறத்தாழ 80 ஆயிரம் வெள்ளி போட வேண்டும். முடியாத தொகை இல்லை. கஷ்டமான தொகைதான்.

இறங்கும்போது காரை மாற்றிக்கொண்டோம். என் காரை நானே ஓட்டிய அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. முன்பக்கம் மிதந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு குத்தியது. இத்தனை தளர்ந்துவிட்டதா என்று தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. இந்த ஷாக் அப்சார்பர்கள் (சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்குபவை) 2012இல் ஆலையில் மாட்டியவை. 1,48,000 கி.மீ. அவற்றை நான் தொடவே இல்லை. தினமும் ஓட்டுகிறவனுக்கு ஷாக் தேய்வது தெரியாது, ஒவ்வொரு நாளும் ஒரு துளி குறையும், உடம்பு பழகிக்கொள்ளும். தேய்ந்துபோன என் காரை, இரண்டு வயதுக் காரோடு நிறுத்தி வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் நண்பரிடம் மூன்று வாரம் கேட்டேன். காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான பட்டறையில் நான்கு ஷாக், முன்னும் பின்னும் ரப்பர் புஷ்கள், என்ஜின் மவுண்ட், பிரேக் திரவம், நான்கு புதிய பிரைமசி எல்லாம் மாற்றி, சக்கரங்களை நேர்செய்தேன். மொத்தம் 3,600 வெள்ளி. காரை மாற்றும் யோசனையில் இருக்கும் யாருக்கும் நான் உரத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பழைய காரை அதன் முதல் நாள் நிலைக்குக் கொண்டுவராமல் புதியதன் சாவியைக் கையில் வாங்காதீர்கள். வாங்கும் முடிவுக்கே வந்தாலும் எதற்காக வாங்குகிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒரு ஞாயிறு விடிகாலை, சிங்கப்பூருக்குள்ளேயே, லிம் சூ காங் பக்கமும் பழைய அப்பர் தாம்சன் சாலையிலும் இரண்டையும் மாறி மாறி ஓட்டினோம். பழைய அப்பர் தாம்சன் சாலை 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த இடம். இப்போது குரங்குகளும் சைக்கிள்காரர்களும் நடமாடும் அமைதியான காட்டுச் சாலை. அங்கே யாரும் வேகமாகப் போகக் கூடாது, நாங்களும் போகவில்லை.

அந்த வேகத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. ஜிஆர்86க்கு 18 அங்குலச் சக்கரம், பைலட் ஸ்போர்ட் 4 டயர். பிடிப்பு அபாரம். ஆனால் அந்தப் பிடிப்பின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதை நம் சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் என்னால் தொட முடியவில்லை. கார் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய ஷாக்கோடும் பிரைமசியோடும் என் 86, ஈரமான ஒரு வட்டச் சந்தியில் 40 கி.மீ. வேகத்திலேயே பேசத் தொடங்கிவிடும். முன் டயர் எப்போது கடிக்கிறது, பின்பக்கம் எப்போது இலேசாக அசைகிறது, ஸ்டீயரிங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எப்படிச் சேர்ந்துகொள்கிறது என்று எல்லாமே இடுப்புக்குத் தெரியும். இங்கே விரைவுச்சாலையின் உச்ச வரம்பே 90. நான் மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்துக்குப் போனது பதின்மூன்று வருடத்தில் இரண்டே தடவை. பின் இருக்கையை மடித்து நான்கு டயரை உள்ளே அடுக்கிக்கொண்டு போனேன், அந்த இரண்டு நாளும் மறக்காது. மாதம் ஒருமுறை பந்தயத் தடத்துக்குப் போகிறவராக இருந்தால் நான் தயங்காமல் புதியதை வாங்கியிருப்பேன். அங்கே அந்த 2.4 லிட்டர் எஞ்சின் நிஜமாகவே வேறு கார்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். என் காரில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாய் நேரே உள்ளே வருகிறது. கேட்பது காற்றின் சத்தம். ஜிஆர்86இல் ஸ்பீக்கர்கள் வழியாகச் சத்தத்தைச் சேர்க்கிறார்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கி என்று ஒருமுறை தெரிந்துவிட்ட பிறகு என் காது அதை மறக்க மறுத்தது. நடுவில் பெரிய முள் சுற்றும் டாக்கோமீட்டரும் அப்படித்தான். புதியதில் அந்த இடத்தில் திரை இருக்கிறது. இவை பெரிய காரணங்கள் இல்லை. தினமும் கண்ணிலும் காதிலும் படுபவை, அவ்வளவுதான்.

மிச்சம் கணக்கு. நண்பரின் சிஓஇ 2033இல் முடிகிறது, என்னுடையது 2032இல். 80 ஆயிரம் வெள்ளியில் நான் வாங்கும் கூடுதல் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு. அவர் காரைப் பத்து வயதுக்குள் ஒப்படைத்தால் பதிவுக் கட்டணக் கழிவு கிடைக்கும், எனக்கு அது கிடையாது என்பதையும் நியாயமாகச் சேர்த்துப் பார்த்தேன். அதைக் கழித்தும் இடைவெளி பெரிது. மறுபக்கம், பழைய காருக்குச் சாலை வரியில் வருடா வருடம் கூடுதல் கட்டணம் ஏறுகிறது. பதின்மூன்று வயது தாண்டியதால் இப்போது 40 விழுக்காடு. அடிப்படை 1,210 வெள்ளி, நான் கட்டுவது 1,694. 2.4 லிட்டர் எஞ்சினுக்கான வரியே 1,666தான். அடுத்த வருடம் இது 50 விழுக்காடாகி அங்கேயே நிற்கும். பத்து வயதைத் தாண்டியதால் வாகனச் சோதனையும் வருடம் ஒருமுறை. இதையெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன், பழைய காரை வைத்திருப்பது இங்கே மலிவான முடிவு இல்லை.

மனைவிக்கு ஜிஆர்86இன் இருக்கை பிடித்திருந்தது. “வாங்கணும்னா வாங்குங்க, ஆனா வாங்குன பிறகு ராத்திரி ஜன்னல் வழியா பழைய கார எட்டிப் பாக்கக் கூடாது” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் முடிவைத் தள்ளியது மகள். 2012இல் அவளுக்கு ஆறு வயது. பின் இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து தொடக்கப்பள்ளிக்குப் போனவள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஆட்டோமேட்டிக் ஓட்டும் 3ஏ உரிமத்துக்குப் போக, இவள் மேனுவலும் ஓட்டக்கூடிய மூன்றாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “நம்ம கார் மேனுவல்தானேப்பா” என்றாள்.

அன்று இரவே நண்பருக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே கார் வேறு கைக்குப் போனது. வாங்கியவர் செபாங்குக்கு அடிக்கடி போகிறவராம், கேட்டதும் எனக்கு நிறைவாக இருந்தது. போகும் முன் நண்பர் தன் காரிலிருந்த டயர் காற்றளவு மானியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மகளின் செய்முறைத் தேர்வு அடுத்த மாதம். தேர்ச்சி பெற்ற பிறகு முதல் ஓட்டம் லிம் சூ காங் சாலையில் என்று பேசி வைத்திருக்கிறோம். 3,500 ஆர்பிஎம் பள்ளத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.