ஓடுகிற இன்ஜினை விட்டுவிட்டு ஓடாததை எடுத்தேன்: பழைய ஹைலக்ஸுக்கு ஒரு 22ஆர்

டொயோட்டா 22ஆர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை முழுசாகப் பிரித்து வேலை செய்து, என் 1981 ஹைலக்ஸ் பிக்கப்பில் ஏற்றி 14,000 கி.மீ. ஓட்டியாயிற்று. இன்ஜின் எப்படி என்று கேட்டால் பதில் சின்னதுதான்: அருமையான இன்ஜின், செலவு செய்து வேலை பார்க்கத் தகுந்த இன்ஜின். ஆனால் என் முன்னால் இருந்தது ஒன்றல்ல, மூன்று. எதைப் பிரிப்பது என்று முடிவெடுக்கவே மூன்று மாதம் ஆனது. சொல்ல வேண்டியது அதில்தான் நிறைய இருக்கிறது.

முதலாவது, வண்டியோடு வந்த 22ஆர். சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். சத்தம் கிடையாது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் பாரத்தோடு போகும்போது மட்டும் லேசாக நீலப் புகை, ஆயில் எரிகிற அடையாளம். இரண்டாவது, 1985-க்குப் பிறகு வந்த 22ஆர், விபத்தில் நசுங்கிய ஒரு பிக்கப்பிலிருந்து இறக்கியது. ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வெகுநாள் கிடந்தது. கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) சுற்றலை, வால்வைத் திறக்கிற கேமுக்குக் கொண்டுபோவது டைமிங் செயின்; அதை வழியில் பிடித்திருக்கும் கைடு உடைந்து, ஆயில் பேனில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. மூன்றாவது நண்பர் தருவதாகச் சொன்ன 3எல் டீசல்.

டீசலை முதலில் முடித்துவிடுகிறேன். 3எல் என்பது 2779 சிசி, போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) இரண்டும் 96 மி.மீ., டர்போ இல்லாதது, அவசரப்படாமல் வெகுகாலம் உழைக்கும். ஆசை இருந்தது. ஆனால் பெட்ரோல் வண்டியில் டீசலை வைப்பது இன்ஜினை மட்டும் மாற்றுகிற வேலை இல்லை. கிளட்ச் ஹவுசிங் வேறு, மவுண்ட் வேறு, டேங்குக்குத் திரும்பும் டீசல் லைன் வேண்டும், ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுகிற குளோ பிளக்குக்கு வயரிங் வேண்டும். பலர் மறந்துபோவது பிரேக்கை. மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம், பெட்ரோல் இன்ஜினில் காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டிலிருந்து சும்மா கிடைக்கிறது. டீசலில் அது கிடையாது, ஆல்டர்னேட்டரின் பின்புறம் இருக்கிற சின்ன வேக்குவம் பம்ப்தான் அதைத் தர வேண்டும். அந்தப் பம்ப் சேர்ந்து வராத 3எல்லை ஏற்றினால் பிரேக் மிதி கல்லாக இருக்கும். முழு டீசல் வண்டியே கையில் இருந்து, அதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி எடுக்க முடிகிறவர்களுக்கு இது நல்ல வழி. எனக்கு வெறும் இன்ஜின்தான் கிடைப்பதாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மிச்சம் இரண்டு 22ஆர். பார்க்கிற எவரும் முதலாவதைத்தான் கை காட்டுவார்கள். என் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். "ஓடிட்டிருக்கிற இன்ஜின் தம்பி. ரிங், பேரிங், கேஸ்கெட் போட்டு மூடிடலாம். அந்தத் தார்ப்பாய்க்காரனை எதுக்கு எழுப்புறீங்க?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம், பார்த்தோம்: நான்கு சிலிண்டரிலும் சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவை ஒட்டி வந்தது. மேனுவல் சொல்வது நல்ல இன்ஜினுக்கு 12, குறைந்தபட்சம் 10. நான்கும் சமமாக இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்றார்.

ஆனால் கம்ப்ரஷன் சொல்வது இன்றைக்கு இன்ஜின் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது என்பதை மட்டும்தான். இன்னும் எத்தனை முறை அதை வேலை செய்ய முடியும் என்பதை அது சொல்லாது. நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கணக்கை. ரிங், பேரிங், சீல், வால்வு எல்லாம் கடையில் வாங்கிவிடலாம். சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கில் மிச்சமிருக்கிற இரும்பை வாங்க முடியாது. அதனால் ஒரு வாரம் வண்டியை நிறுத்தி, பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பது என்று நின்றேன்.

22ஆரில் ஹெட் கழற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பத்து ஹெட் போல்ட்டையும் எடுத்த பிறகும் ஹெட் அசையாது. முன்பக்கம், கேம் பல்சக்கரத்துக்கு எதிரே ஒரு சின்ன குழி இருக்கும், அதில் எப்போதும் ஆயில் தேங்கியிருக்கும். அந்த ஆயிலுக்கு அடியில் இன்னொரு போல்ட் மூழ்கிக் கிடக்கிறது. ஹெட்டை டைமிங் கவரோடு பிடித்திருப்பது அதுதான். பனியன் வேஸ்ட்டைத் திணித்து ஆயிலை உறிஞ்சி எடுத்தால் தலை தெரியும். அது இருப்பது தெரியாமல் கம்பி விட்டு நெம்பினால் அலுமினிய கவர் தாங்காது.

ஹெட் வந்தது. துணியால் முதல் பிஸ்டனின் கரியைத் துடைத்தேன். கரிக்கு அடியில் பொறித்திருந்தது: 1.00. நான்கிலும் அதே.

யாரோ முன்பே வேலை செய்திருக்கிறார்கள். 22ஆரின் போர் புதிதில் 92 மி.மீ., ஸ்ட்ரோக் 89, மொத்தம் 2366 சிசி. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கி (போரிங்) பெரிய பிஸ்டன் போடுவார்கள்; கம்பெனி அளவில் அந்த ஓவர்சைஸ் 0.50 மி.மீ., அப்புறம் 1.00. இந்தப் பிளாக் 93 மி.மீ. வரை ஏற்கெனவே போயிருந்தது. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தடுக்குகிற அளவுக்குப் படியும் விழுந்திருந்தது. இதற்கு மேல் போரிங் போட இடமில்லை, லைனர் (சிலிண்டருக்குள் இறக்குகிற புதுக் குழாய்) அடித்துத்தான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற ராடின் பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் 0.25 என்று இருந்தது. கிராங்கைத் தேய்த்துச் சிறிதாக்கிய பிறகு போடுகிற அளவு அது, ஆக கிராங்கும் ஒருமுறை கிரைண்டிங் பார்த்தது. ஹெட்டின் அடிப்பரப்பிலும் மில்லிங் கட்டர் போன வட்டக் கோடுகள். கேம் மேலே இருக்கிற செயின் இன்ஜினில் ஹெட்டைச் சீவச் சீவ கேம் கிராங்குக்குக் கிட்டே வருகிறது, செயின் தொளதொளக்கிறது. எவ்வளவு சீவினார்கள் என்பது சீவியவருக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்று அந்த 1.00-ஐக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, அதையும் பிரிப்போம்" என்றார்.

தார்ப்பாயை எடுத்தபோது எனக்கு நம்பிக்கை பாதிதான். வால்வு கவரைத் திறந்து டார்ச் அடித்தால் செயினின் ஒரு பக்கம் கைடே இல்லை. 22ஆரில் முதலில் வந்தவற்றுக்கு இரட்டை வரிசை செயின். பின்னால் வந்தவற்றுக்கு ஒற்றை வரிசையும் பிளாஸ்டிக் கைடும். லட்சக்கணக்கில் கி.மீ. ஓடி செயின் நீண்டுவிட்டால் டென்ஷனரால் இழுத்துப் பிடிக்க முடியாது. செயின் கைடில் அடிக்க ஆரம்பிக்கும், கைடு உடையும், அப்புறம் டைமிங் கவரையே அறுக்கும். அந்தக் கவருக்குள் தண்ணீர் ஓடுகிற வழி இருக்கிறது. அறுத்துத் துளை விழுந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து பேரிங்கெல்லாம் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி முன்பக்கம் கடகடவென்று கேட்டால் உடனே கவரைத் திறந்து பார்த்துவிடுங்கள். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே போகக் கூடாது.

என் அதிர்ஷ்டம், கவரில் பள்ளம்தான் விழுந்திருந்தது, துளை இல்லை. ஆயில் கறுப்பாக இருந்தது, பால் கலந்த நிறம் எங்கேயும் காணோம். ஹெட்டை எடுத்தோம். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை. சுவரில் குறுக்கும் மறுக்குமாகக் கல்லால் தேய்த்துப் போட்ட ஹோனிங் கோடுகள், கீழ்ப்பாதியில், இன்னும் தெரிந்தன. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தோம். அதிகபட்சமாக வந்தது 92.11. ராட் மாட்டுகிற கிராங்க் பின்கள் நான்கும் 53 மி.மீ.க்கு ஒட்டி, பிளாக்கில் உட்காருகிற மெயின் ஜர்னல் ஐந்தும் 60-க்கு ஒட்டி, பாலிஷ் மட்டும் போதும் என்கிற நிலை. ஹெட்டின் மேல் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய பிளேடு) விட்டுப் பார்த்தால் வளைவு 0.08. மேனுவலின் எல்லை 0.15. பிரஷர் டெஸ்ட்டிலும் கசிவு இல்லை.

பார்க்க அழுக்காக, ஓடாமல் கிடந்த அந்த இன்ஜினுக்குத்தான் இன்னும் இரண்டு வாழ்க்கை பாக்கி இருந்தது. முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது.

போரிங் போடாமல் ஹோனிங்கும் புது ரிங்கும் போட்டு மூடியிருக்கலாம். தேய்மானம் மேனுவல் அனுமதிக்கிற 0.2-க்கு உள்ளேதான். நான் 0.50-க்குப் போனேன். எப்படியும் பிஸ்டன் ரிங் பள்ளங்கள் தேய்ந்திருந்தன, புதுப் பிஸ்டன் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குகிற பிஸ்டனை முழு வட்டமான சிலிண்டரில் போடுவதே சரி என்று பட்டது. 92.50-ல் 2392 சிசி ஆகிறது. அந்த 26 சிசி ஓட்டும்போது தெரியப் போவதில்லை. 1.00 இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது. ஒன்று கவனம்: 1985-ல் பிளாக்கின் உயரத்தைக் குறைத்து பிஸ்டனையும் மாற்றிவிட்டார்கள். 22ஆர் என்று மட்டும் சொல்லிப் பிஸ்டன் வாங்கினால் தப்பானது வரும். இன்ஜின் எந்தக் காலத்தது என்று சொல்லி வாங்குங்கள்.

போரிங் பட்டறையைப் பற்றிப் பாதி நல்லதும் பாதி வருத்தமும். பிஸ்டனைக் கையில் கொடுத்த பிறகுதான் போரிங் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதை மதித்தார்கள், ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ற சிலிண்டரை எடுத்து, மேலே எண்ணும் எழுதிவைத்தார்கள். சிலிண்டர் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் "கழுவிட்டோம், அப்படியே ஏத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பிய பிளாக்கில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாக வந்தது. அது ஹோனிங் கல்லின் பொடி. புது ரிங்கையும் பேரிங்கையும் முதல் மணி நேரத்திலேயே தேய்த்துவிடும். ஆயில் போகிற துளைகளின் அடைப்பைக் கூடக் கழற்றியிருக்கவில்லை. கழற்றினேன், நீளமான பிரஷ் விட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் அந்தப் பொடி சுவரின் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, சோப்புத் தண்ணீர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஐந்தாவது துணி வெள்ளையாகவே வந்த பிறகு துரு பிடிக்காமல் உடனே ஆயில் தடவினேன். யார் கழுவிவிட்டோம் என்று சொன்னாலும் துணி விட்டுப் பாருங்கள்.

செயினுக்கு ஒற்றை வரிசையே போதும் என்று முடிவு செய்தேன். இரட்டை வரிசைக்கு மாற்றுகிற கிட் கிடைக்கிறது, போட்டவர்கள் திருப்தியாகவே சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அறுவது செயின் இல்லை, உடைவது கைடு. அதனால் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்த கைடு, புதுச் செயின், பல்சக்கரங்கள், டென்ஷனர், பள்ளமில்லாத புது டைமிங் கவர். கவரைப் பழசிலேயே விட்டுவிடலாம் என்ற யோசனை வந்து போனது. விடாதது நல்லது.

ஆயில் பம்ப் அந்தக் கவரின் முன்னால், கிராங்கிலேயே மாட்டிச் சுற்றுகிறது. காய்ந்த பம்ப் முதல் ஸ்டார்ட்டில் ஆயிலை இழுக்கத் தாமதிக்கும் என்று அதன் பற்களுக்கிடையே வாசலின் அப்பிவைத்தோம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினோம். பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக் போட்டது. பழைய கிளட்ச் ஹவுசிங் அப்படியே உட்கார்ந்தது. டீசலை விட்டதற்கு அப்போது மனசுக்குள் இன்னொரு முறை சந்தோஷப்பட்டேன்.

முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை கொஞ்சம், அசெம்பிளிக்குத் தடவிய எண்ணெய் எரிகிற வாசனை, பிறகு சுத்தம். ஐடிலில் வெகுநேரம் நிறுத்திவைக்காமல் ரோட்டுக்குக் கொண்டுபோய், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் இறக்கத்தில் விட்டும் ஓட்டினோம். ரிங் உட்கார அதுதான் வழி. 50 கி.மீ.யில் முதல் ஆயிலை மாற்றினேன், அடுத்தது 800-ல்.

இப்போது கம்ப்ரஷன் 12-ஐ ஒட்டி, நான்கும். 5000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், நடுவில் டிப் ஸ்டிக் அளவு கண்ணுக்குத் தெரிய இறங்குவதில்லை. பின்தொட்டியில் அரை டன் ஏற்றி அதே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போகிறது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை இல்லை. வேகம் கேட்பவர்களுக்கு இந்த இன்ஜின் ஒத்துவராது. கீழ்ச் சுற்றிலேயே இழுக்கிற பொறுமையான இழுவைதான் இதன் குணம், மேலே விரட்டினால் சத்தம்தான் கூடும். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு எனக்கு இது போதும்.

முதல் இன்ஜினைத் தூக்கிப் போடவில்லை. ஹெட்டை மேலே வைத்து, துளைகளை அடைத்து, அதே தார்ப்பாயால் மூடிவைத்திருக்கிறேன். லைனர் அடித்தால் அதுவும் எழுந்துவிடும். போன வாரம் இன்ஜின் சூட்டோடு வால்வு இடைவெளி பார்த்தேன்: இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 இருக்க வேண்டும். நான்காவது எக்ஸாஸ்ட் மட்டும் இறுகி 0.25-ல் இருந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் பிளேடு லேசான பிடிப்போடு வழுக்குகிற வரை திருப்பி, திரும்ப இறுக்கினேன்.