நெபுலாவின் மையமும் வெளுக்காமல், படமும் தட்டையாகாமல்: ஹெச்டிஆர்எம்டி, எல்ஹெச்இ நெடுநாள் பயன்பாட்டில்

வானியல் படங்களைச் செப்பனிடும் பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் உள்ள ஹெச்டிஆர்எம்டி (ஹெச்டிஆர் மல்டிஸ்கேல் டிரான்ஸ்ஃபார்ம்), எல்ஹெச்இ (லோக்கல் ஹிஸ்டோகிராம் ஈக்வலைசேஷன்) என்ற இரு கருவிகளைத் தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குறைதான் கண்ணில் படும். ஹெச்டிஆர்எம்டி வெளுத்த மையத்தைத் திறந்து காட்டும், ஆனால் படம் உப்புச்சப்பில்லாமல் போகும். எல்ஹெச்இ கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும், கூடவே நாய்ஸையும் (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகள்) கிளப்பிவிடும். ஒன்று பறிப்பதை மற்றது திருப்பித் தரும் என்பதால், சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் இவற்றின் அருமை புரியும்.

எம்42 எனப்படும் ஓரியன் நெபுலாவின் மையத்தில் உள்ள டிரப்பீசியம் நட்சத்திரக் கூட்டப் பகுதி மூலப் பிரேம்களிலேயே ஒளி நிரம்பி வழிந்திருந்தால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. சில விநாடிகளே கொண்ட குறும் எக்ஸ்போஷர்கள் தனியாக வேண்டும்.

ஹெச்டிஆர்எம்டியை, படத்தை ஸ்ட்ரெட்ச் செய்த (மங்கலானவை கண்ணுக்குத் தெரியும்படி ஒளியை விரித்த) பிறகே ஓட்ட வேண்டும். அதில் லேயர் (நுணுக்கங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் அடுக்கு) எண்ணிக்கை இயல்பாக 6. எண் குறையக் குறைய அழுத்தம் கடுமையாகும். கேலக்ஸியின் நடுப்பகுதி ஒளியிழந்து சாம்பல் வட்டாகிவிடும். 7 அல்லது 8 பெரும்பாலும் போதும். அப்போதும் முழுதாக ஏற்காமல், நகலில் ஓட்டி, படங்களைக் கணக்கிட்டுக் கலக்கும் பிக்சல்மேத் கருவியில் மூலம் 0.6, நகல் 0.4 என்று கலப்பது நல்லது. மையம்தான் படத்திலேயே பிரகாசமான இடமாக இருக்க வேண்டும். அது போனால் எவ்வளவு நுணுக்கம் தெரிந்தாலும் படம் பொய்யாகத் தெரியும்.

எல்ஹெச்இ-இல் இயல்பு ஆரம் (ஒவ்வொரு பிக்சலையும் சுற்றிக் கணக்கில் எடுக்கும் தூரம்) 64, அளவு (விளைவின் வலிமை) 1. அந்த 1 மிக அதிகம். முதலில் ஆரம் 200, அளவு 0.3, பெரிய தூசிப் பட்டைகள் எழுந்து நிற்கும். பிறகு ஆரம் 60, அளவு 0.15, நார் போன்ற இழைகள் பிரியும். பெரிய ஆரத்துக்கு ஹிஸ்டோகிராம் ரெசல்யூஷனை (ஒளி அளவுகளை எவ்வளவு நுட்பமாகப் பிரிப்பது என்பதை) 8 பிட்டிலிருந்து 10 அல்லது 12-க்கு உயர்த்துங்கள்.

வானப் பின்னணியில் ஒளி வேறுபாடு மிகக் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டையும் எல்ஹெச்இ இழுத்து விரிப்பதால்தான் அங்கே திட்டுத்திட்டாக நாய்ஸ் கிளம்புகிறது. அதனால் லைட்னஸ் மாஸ்க் (இருண்ட பகுதியைக் கருவி தொடாதபடி, படத்தின் ஒளியளவைக் கொண்டு செய்யும் மறைப்பு) கட்டாயம். அதன் கருப்புப் புள்ளியைப் பின்னணி மட்டத்துக்குச் சற்று மேலே ஏற்றி, மாஸ்க்கை நன்றாக மங்கலாக்குங்கள். கூரான விளிம்புள்ள மாஸ்க் நெபுலாவைச் சுற்றிக் கோடு விட்டுவிடும்.

பெரிய நட்சத்திரங்களைச் சுற்றிக் கருவளையம் விழுவது இரண்டு கருவிகளுக்கும் பொதுவான கோளாறு. ஸ்டார்நெட் கொண்டு நட்சத்திரங்களை முன்பே பிரித்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஸ்கிரீன் முறையில் (ஒளி உச்சத்தைத் தாண்டாதபடி கலக்கும் முறை) சேருங்கள். நேரடியாகக் கூட்டினால் பிரகாசமான நெபுலா மேலுள்ள நட்சத்திரங்கள் நிறமிழந்து வெளுத்துவிடும்.