சூப்பர் விசா இன்ஷூரன்ஸ்: சுகர், பிரஷர் உள்ள பெற்றோருக்கு எது உதவுகிறது, எது கைவிடுகிறது

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் தங்க அனுமதிக்கும் விசா) போகும் பெற்றோருக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் கவரேஜ் வேண்டும். நுழையும் நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லுபடியாக வேண்டும். சிகிச்சை, ஆஸ்பத்திரி அனுமதி, ஊர் திரும்பும் செலவு மூன்றும் அதில் அடங்க வேண்டும். இன்ஷூரன்ஸில் விசா அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான். அப்பாவின் சர்க்கரை நோய் கவர் ஆகிறதா என்பது அவர் கவலை இல்லை. மலிவாகக் கிடைக்கும் பாலிசி பெரும்பாலும் பழைய நோய்களை முழுக்க விலக்கியிருக்கும். கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் வருவது, நோய் 'ஸ்டேபிளாக' இருந்தால் சேர்த்துக்கொள்ளும். சுகர், பிரஷர் இருப்பவர்களுக்கு இரண்டாவதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

டாக்டர் "எல்லாம் கன்ட்ரோலில் இருக்கு" என்று சொன்னால் ஸ்டேபிள் என்று நினைத்துவிடுகிறார்கள். பாலிசி கேட்பது வேறு. குறிப்பிட்ட காலத்துக்குள் (கம்பெனியையும் வயதையும் பொறுத்து பெரும்பாலும் 90 அல்லது 180 நாள் என்று இருக்கும்) புது அறிகுறி வந்திருக்கக் கூடாது, புது மருந்து சேர்ந்திருக்கக் கூடாது, டோஸ் மாறியிருக்கக் கூடாது, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கச் சொன்னதோ வர வேண்டிய டெஸ்ட் ரிசல்ட்டோ பாக்கி இருக்கக் கூடாது. டோஸ் குறைந்தாலும் மாற்றம்தான். பிரஷர் மாத்திரையான ஆம்லோடிபின் 5 மில்லிகிராமை 2.5 ஆக்கினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பாலிசிக் கணக்கில் அன்றிலிருந்து நாள் மறுபடி எண்ணப்படும். இன்சுலின், வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) அளவை வழக்கமாக ஏற்றி இறக்குவதற்குப் பல பாலிசிகள் விலக்கு தருகின்றன. எல்லாம் தருவதில்லை, அதனால் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த நாள்கள் பாலிசி வாங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதில்லை. கவரேஜ் தொடங்கும் தேதியிலிருந்து, அதாவது பொதுவாகக் கனடாவில் இறங்கும் நாளிலிருந்து எண்ணப்படும். ஜனவரியில் வாங்கி மே மாதம் பறப்பவர்களுக்கு நடுவில் உள்ள மாதங்கள்தான் ஆபத்து. கிளம்பும் முன் ஒரு மாஸ்டர் செக்கப் செய்துவிடலாம் என்று நல்ல எண்ணத்தில் கூட்டிப்போவார்கள். அங்கே ஒரு மாத்திரை மாறும், "எதற்கும் ஒரு எக்கோ பார்த்துடுங்க" என்று இதய ஸ்கேன் ஒன்று சீட்டில் ஏறும். செக்கப் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயணத்துக்கு ஏழு மாதம் முன்பே முடித்துவிட்டால் 180 நாள் கணக்கும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு மருந்து மாற வேண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கம்பெனிக்குத் தெரிவித்துப் பயணத் தேதியைத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டெல்மிசார்டன், ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரைகள் இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிட்டவருக்கு அதே அளவில் ஒரே காம்பினேஷன் மாத்திரையாக எழுதிவிடுவார்கள். மருந்து அதேதான், ஆனால் கிளெய்ம் பார்ப்பவருக்குப் புதுப் பெயராகத் தெரியும். டாக்டரின் லெட்டர்பேடில் தேதி, ஜெனரிக் பெயர் (பிராண்ட் பெயர் அல்ல, மருந்தின் பெயர்), மில்லிகிராம், எப்போதிலிருந்து என்று ஒரு கடிதம் வாங்கிக் கையில் வையுங்கள். கிளெய்ம் போட்டால் ஊர் டாக்டரின் ரெக்கார்டுகளையும் கேட்பார்கள். தேதியில்லாத துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது.

மெடிக்கல் கேள்வித்தாளை ஏஜென்ட் போனிலேயே நிரப்பிவிடுவதும் நடக்கிறது. பெற்றோர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு, வீட்டில் ஆக்ஸிஜன் பற்றிய கேள்விகளில் தப்பான பதில் இருந்தால், பிறகு கால் எலும்பு முறிந்ததற்கான கிளெய்மைக்கூட மறுக்க இடம் உண்டு.

கவர் ஆவது அவசர சிகிச்சை மட்டுமே. மாதாந்தர மாத்திரை, வழக்கமான ரத்தப் பரிசோதனை கவர் ஆகாது. மாகாண அரசின் மருத்துவக் காப்பீடும் விசிட்டருக்குக் கிடையாது. அவசரம் என்றால் முதலில் 911; முடிந்தவுடன் பாலிசி கார்டில் உள்ள உதவி எண்ணுக்கு அழைத்துக் கேஸ் நம்பர் வாங்குங்கள். சொல்லாமல் அட்மிட் ஆனால் தொகையைக் குறைக்கும் பாலிசிகள் இருக்கின்றன. நிலைமை சீரானதும் ஊருக்குத் திரும்பச் சொல்லவும் கம்பெனிக்கு உரிமை உண்டு.

டிடக்டபிளை (கிளெய்மில் முதலில் நாம் கையிலிருந்து கட்டும் தொகை) உயர்த்தினால் பிரீமியம் நன்றாகக் குறையும். 1,000 டாலர் வரை நியாயம் என்பது என் கணிப்பு. நடுவில் கல்யாணத்துக்கு ஊர் வந்து திரும்பினால், சில பாலிசிகளில் ஸ்டேபிள் கணக்கு மறுபடி தொடங்கும். டிக்கெட் போடும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் அந்தக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கிளெய்ம் எதுவும் இல்லாமல் சீக்கிரம் திரும்பினாலும் மீதி நாள்களுக்கான தொகை பெரும்பாலும் கிடைக்கும், அதற்குப் போர்டிங் பாஸ் கேட்பார்கள்.