ஒரே டக், ஓயாத டிக்டிக், ஒரு நீள லைட்டர்

என் கிரில் கோலாலம்பூர் செந்தூலில், வீட்டு முன் போர்ச்சின் ஓரத்தில் நிற்கிறது. தங்கை வீட்டுக் கிரில் பினாங்கு தஞ்சோங் பூங்காவில், பின்வாசல் சாய்ப்புக்குக் கீழே. அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கடல். இரண்டும் மூன்று பர்னர் கேஸ் கிரில், ஏறக்குறைய ஒரே வயது. பற்றவைக்கும் விதம்தான் வேறு. என்னுடையதில் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரே ஒரு பொறி. பியேசோ என்பது அதைத்தான். மாப்பிள்ளையுடையதில் ஒரு டபுள் ஏ பேட்டரி இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்தால், விரலை எடுக்கும்வரை டிக்டிக்டிக் என்று பொறி அடித்துக்கொண்டே இருக்கும்.

“மச்சான், இன்னும் எத்தன வருஷத்துக்கு அத டக்கு டக்குன்னு குத்திக்கிட்டு இருப்பீங்க? பேட்டரிக்கு மாறிடுங்க” என்பார் மாப்பிள்ளை, ஒவ்வொரு தீபாவளிக்கும். நான் மாறவில்லை. ஆனால் அவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது.

அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். பற்றவைப்பதில் பேட்டரிக்குத்தான் வெற்றி, சந்தேகமே வேண்டாம். கேஸ் காற்றோடு ஓர் அளவில் கலந்தால்தான் தீப்பிடிக்கும். நம் தோம்பில், அதாவது கேஸ் சிலிண்டரில், வருவது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டுக்குமே அந்த அளவு, சுமார் 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை. அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. குமிழைத் திருப்பிய முதல் நொடியில், பொறி கிளம்பும் கம்பியான எலெக்ட்ரோடு பக்கம் கேஸே வந்து சேர்ந்திருக்காது. கொஞ்சம் காற்று அடித்தால் வந்த கேஸும் கலைந்துவிடும். சரியான கலவை பொறியின் வாய்க்கு நேரே வந்து நிற்கும் நேரம் கொஞ்சம்தான். பேட்டரி அந்த நேரத்தில் பல பொறிகளை விட்டுவிடும். பியேசோவில் ஒரு அழுத்துக்கு ஒரு பொறி. அது தவறினால் மறுபடி அழுத்து, மறுபடி அழுத்து. கட்டைவிரல் சிவந்துபோகும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மீதிப் பேச்சு சுலபம். பியேசோவில் ஒரு சுருள்வில், ஒரு குட்டிச் சுத்தி, ஒரு துண்டுப் பீங்கான். அழுத்த அழுத்த வில் இறுகும். ஒரு கட்டத்தில் சுத்தி விடுபட்டுப் பீங்கானின் மண்டையில் அடிக்கும். அந்த அடியில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்று பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டுபிடித்தார்களே, அதே சங்கதிதான். ஸ்டீம்போட்டுக்கு எடுக்கிறோமே கேஸ் டின் அடுப்பு, அதன் குமிழைத் திருப்பும்போது கேட்கும் ‘டக்’கும் இதுதான். பேட்டரி வகையில் ஒரு சின்ன மின்சுற்று 1.5 வோல்ட்டை வாங்கி, சேர்த்து வைத்து, ஏற்றிவிட்டுப் பொறியாக விடும். மறுபடி சேர்க்கும், மறுபடி விடும்.

இரண்டுமே கடைசியில் தாண்டவேண்டியது எலெக்ட்ரோடு நுனிக்கும் பர்னருக்கும் நடுவே இருக்கும் நாலைந்து மில்லிமீட்டர் காற்றைத்தான். காற்றைத் தாண்ட மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் என்பது பொதுக் கணக்கு. நாலு மில்லிமீட்டருக்கு 12,000. கிரில்லைச் சுரண்டிக் கழுவும்போது பிரஷ் பட்டு நுனி கொஞ்சம் வளைந்து, இடைவெளி ஏழெட்டு மில்லிமீட்டர் ஆகிவிட்டால் போச்சு. எந்த வகையாக இருந்தாலும் பொறி திணறும். மூக்குக் குறட்டால் மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். உலோகத்தை மட்டும் பிடிக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானைப் பிடித்தால் விரிசல் விழும்.

விரிசல் என்றதும் என் கதை வந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முந்திய தீபாவளி. கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் என்றாலே சாயங்கால மழைதான். அன்றும் பெய்து ஓய்ந்திருந்தது. திறந்த இல்ல உபசரிப்புக்கு முப்பது பேர் வருவதாகப் பேச்சு. மசாலா தடவிய கோழி இரண்டு பெரிய பேசினில் ஊறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். டக். தீ இல்லை. டக், டக், டக். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சத்தம் வருகிறதே, அப்படியானால் கேஸ்தான் தீர்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடைக்காரத் தம்பியை அழைத்து 14 கிலோ தோம்பு மாற்றினேன். 26 வெள்ளி 60 காசு. அப்புறமும் டக், டக். தீ இல்லை. அன்றைக்குக் கோழி சமையலறை அடுப்பில்தான் வெந்தது.

மறுநாள் ராத்திரி ரெகுலேட்டரைத் தோம்பிலிருந்து கழற்றினேன். கிரில் மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் விட்டேன். பிறகு போர்ச் விளக்கை அணைத்துவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. ஆனால் அது நுனியில் இல்லை, இரண்டு விரற்கடை தள்ளிப் பின்னால் இருந்தது. பீங்கான் உறையின் நடுவிலிருந்து கிளம்பி, அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் முடி அளவு விரிசல், அதற்குள் கறுப்பாக எண்ணெய்ப் புகை. மழை ஈரமும் சேர்ந்து அங்கே மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்திருந்தது. பொறி பிறந்தது உண்மை, போய்ச்சேரவேண்டிய இடத்துக்குத்தான் போகவில்லை. இணையத்தில் எலெக்ட்ரோடு வாங்கினேன். இருபது வெள்ளிக்குள் முடிந்தது.

ஒரு லைட்டரைக் கொண்டுபோய் பர்னரில் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். கையால் பற்றவைத்துத் தீ வந்தால் கேஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு பொறியில். கையால் வைத்தும் வராவிட்டால் பொத்தானைத் திட்டிப் பயனில்லை. கிரில் பற்றவில்லை என்று யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். தோம்பு மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மாப்பிள்ளையின் கதை வேறு ரகம். போன சீனப் பெருநாள் விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். பொத்தானை அழுத்தினார். டிக் இல்லை, ஒன்றுமே இல்லை. புதுப் பேட்டரி போட்டார். மௌனம். பேட்டரியைத் திருப்பிப் போட்டார். மௌனம். “கடைக்காரன் பழைய பேட்டரிய குடுத்துட்டான் லா” என்று இன்னொரு பாக்கெட் வாங்கக் கிளம்பினார். தடுத்து நிறுத்தி, பொத்தான் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். அடியில் இருந்த ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஒரு வருடமாக எடுக்காமல் விட்ட பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது காரம். காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் அது நுரைத்துக் கரையும். துடைத்தோம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பாதியில் ஸ்பிரிங் முறிந்து கையோடு வந்துவிட்டது. பேட்டரி கக்கியது ஒரு பக்கம், கடல் உப்புக் காற்று அரித்தது இன்னொரு பக்கம். பேட்டரியும் மின்சுற்றும் இருக்கும் முழுப் பெட்டியையும்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் மாப்பிள்ளையோடு ஒத்துப்போகாமல் நிற்கிறேன். ஒயர் கழன்று விழுவது, பீங்கான் விரிவது, நுனி வளைவது, எண்ணெய் படிவது எல்லாம் இரண்டு வகைக்கும் பொது. பேட்டரி வகை அதற்கு மேல் தனக்கென்று மூன்று நோய்களை வைத்திருக்கிறது: பேட்டரி, அதைத் தொடும் தகடு, உள்ளே இருக்கும் மின்சுற்று. மின்சுற்று செத்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பியேசோவின் சொந்த நோய் ஒன்றே ஒன்று, சுத்தி தளர்வது. அது வந்தால் ‘டக்’ என்ற கூர்மை போய் ‘தொப்’ என்று கேட்கும். காதுக்கே தெரிந்துவிடும். சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியிருக்கும் ஊரில், திறந்தவெளியில் நிற்கும் சாமானுக்குள் பேட்டரி வைப்பது என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான்.

பேட்டரிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகும். டிக்டிக் வேகம் குறைந்து டிக்... டிக்... என்று இழுத்தால் பேட்டரி மாற்றும் நேரம். இன்னொன்று, அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பர்னருக்கும் தனித்தனி ஒயர் போகும். இரண்டு பர்னரில் பொறி இருந்து ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, அந்த ஒரு ஒயரையும் பீங்கானையும் பார்த்தால் போதும். பியேசோவில் இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. என்னுடையதில் ஒரு பர்னருக்குத்தான் பொறி, மற்ற இரண்டும் பக்கத்துத் தீயிலிருந்து பற்றிக்கொள்ளும்.

மூன்றாவதாக, குமிழுக்குள்ளேயே பியேசோ இருக்கும் வகையும் விற்கிறார்கள். அழுத்தித் திருப்பினால் கேஸும் பொறியும் சேர்ந்தே வரும். வீட்டு மேசை அடுப்பில் பழகிய கை உடனே ஒட்டிக்கொள்ளும். பர்னருக்கு ஒன்று என்பதால் ஒன்று போனாலும் அடுத்தது இருக்கிறது. ஆனால் அது வால்வோடு சேர்ந்த உறுப்பு. கெட்டால் பெரும்பாலும் வால்வையே கழற்ற வேண்டியிருக்கும். கேஸ் வரும் பாதையில் கை வைக்கும் வேலை அது, நான் செய்யமாட்டேன்.

இந்தச் சண்டையை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் சொன்னது: “நெருப்புப் பொட்டி இல்லாத வீடா இது?” அம்மா கட்சி நான்காவது, நீளக் கழுத்து லைட்டர். பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில்கூடக் கிடைக்கும். கிரில்லின் எந்த உறுப்பு கெட்டாலும் இது கெடாது. இருந்தும் நான் இதை முதல் இடத்தில் வைக்காததற்கு என் முன்னங்கை முடிதான் சாட்சி. முதலில் குமிழைத் திறந்துவிட்டு, அப்புறம் லைட்டரைத் தேடி, அதுவும் இரண்டு தடவை பற்றாமல்போய், மூன்றாவது தடவை பற்றியபோது ‘புஸ்’ என்று ஒரு பந்து எழுந்தது. முடி பொசுங்கிய நாற்றத்தோடு அன்றைய விருந்தை முடித்தேன். கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கனம். மேலே பறந்து போகாது, கிரில்லின் அடித்தட்டிலும் பக்கத்து லோங்காங்கிலும், அதாவது சாக்கடையிலும், போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் வரிசை மாறக்கூடாது: மூடி திறந்திருக்க வேண்டும், லைட்டர் முதலில் எரிய வேண்டும், அதைப் பர்னர் பக்கம் கொண்டுபோன பிறகுதான் குமிழ். முகத்தைக் கிரில்லுக்கு மேலே நீட்டக்கூடாது. ஐந்து நொடியில் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எந்த வகைக்கும் இதே விதிதான்.

லைட்டரும் தோற்றால் ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் நம் ஊரில் நான் சந்தேகப்படுவது குளவியைத்தான். கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் போதும், பர்னர் குழாயின் வாயில் மண்ணைக் குழைத்து வீடு கட்டிவிடும். சிலந்தியும் வலை பின்னும். கேஸ் முன்னால் போக வழியில்லாமல் பின்வாங்கி, குமிழ்களுக்குப் பின்னால் எரியத் தொடங்கினால் ஆபத்து. தீ வரக்கூடாத இடத்தில் தெரிந்தால் உடனே தோம்பை மூடுங்கள். கிரில் ஆறியபின் பர்னரைக் கழற்றி, நீள பாட்டில் பிரஷ்ஷால் குடைந்தால் மண்கட்டி பொலபொலவென்று உதிரும்.

யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். கூரைக்குக் கீழே, மழை படாத இடம், வாரம் ஒரு முறையாவது கிரில் எரியும் வீடு என்றால் பேட்டரி வாங்கலாம், பொத்தானுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் மூடி திறக்கும் வீடு என்றால் பியேசோ. கடலோரம் என்றாலும் பியேசோதான். ஏற்கெனவே பேட்டரி வகை வைத்திருப்பவர்கள் விருந்து முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிச் சமையலறை டிராயரில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

மாப்பிள்ளை இதற்கெல்லாம் மசியவில்லை. புதுப் பெட்டியும் பேட்டரி வகையே வாங்கிப் பொருத்தினார். ஆனால் போன மாதம் தங்கை போனில் பேசும்போது, பின்வாசல் ஆணியில் ஒரு நீளக் கழுத்து லைட்டர் தொங்குவதாகச் சொன்னாள்.