மங்குஸ்தானுக்கு விதை, றம்புட்டானுக்கு ஒட்டு: கொழும்பு வளவுக்கான ஓர் ஒப்பீடு

ஜூன், ஜூலை மாதங்களில் காலி வீதியோரத் தள்ளுவண்டிகளில் றம்புட்டானும் மங்குஸ்தானும் அருகருகே குவிந்திருக்கும். இரண்டையும் வாங்கி உண்டபின் கொட்டைகளைக் கழுவி, ஒரே நாளில், ஒரே மண்கலவையில் ஊன்றினால் இரண்டும் முளைக்கும். ஆனால் ஒன்று தாய்மரத்தை அச்சாக ஒத்திருக்கும். மற்றது எந்தத் தகப்பனுக்குப் பிறந்தது என்றே தெரியாத பிள்ளையாக வளரும். ஆகவே, விதை ஊன்றுவதா ஒட்டுக்கன்று வாங்குவதா என்ற கேள்வியைப் பழமரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு பழத்தைப் பற்றியும் தனித்தனியே மூன்று விடயங்களை அறிய வேண்டும்: கன்று தாயை ஒத்திருக்குமா, ஆண் மரமாகப் போய்விடும் வாய்ப்பு உண்டா, காய்க்க எத்தனை ஆண்டுகள் செல்லும்.

கொழும்பில் இந்தக் கேள்விகளை இன்னும் கூர்மையாக்குவது இடப் பற்றாக்குறைதான். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் வீடும் வாகனம் நிறுத்தும் இடமும் கிணறும் போக, எட்டுப் பத்து மீற்றர் இடைவெளி கேட்கும் பெருமரம் ஒன்றுக்குத்தான் இடம் மிஞ்சும். தோட்டக்காணி உள்ளவர் பத்து விதைக்கன்றுகளை நட்டு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நடும் ஒரேயொரு கன்று தவறாக அமைந்துவிட்டால் ஆறேழு ஆண்டுகள் வீணாகும்.

றம்புட்டானை முதலில் எடுத்துக்கொள்வோம். விதையில் வந்த றம்புட்டான் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்கள். ஆண் மரம் ஐந்தாறு ஆண்டுகள் எருவும் நீரும் வாங்கிக்கொண்டு, கொத்துக் கொத்தாகப் பூத்தும், ஒரு காய்கூடத் தராது. காய்க்கும் மரமாக அமைந்தாலும் பழம் புளிக்கலாம், சதை மெல்லியதாக இருக்கலாம், கொட்டையின் தோலோடு சேர்ந்தே உரிந்து வரலாம். களனி கங்கைக் கரையிலுள்ள மல்வானையின் பெயரைச் சொல்லித்தான் கொழும்பில் றம்புட்டான் விற்கப்படுகிறது. அந்தப் பழத்தின் கொட்டையை ஊன்றினால் மல்வானைப் பழமே வரும் என்று நம்பி நட்டவர்கள் என் உறவினரிலேயே மூவர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய மரம் ஆண். மற்ற இரண்டும் காய்க்கின்றன, ஆனால் அந்தப் பழங்களை வெளவால்களைத் தவிர வேறு எவரும் விரும்பிக் கேட்பதில்லை. அரும்பொட்டு முறையில், அதாவது நல்ல மரத்தின் அரும்பை வேறொரு விதைக்கன்றில் ஒட்டி, உருவாக்கிய கன்று மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும், பழம் எப்படி இருக்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். விலை வேறுபாட்டைக் காரணம் காட்டி இங்கே விதையின் பக்கம் சாய்வது, எனக்குத் தெரிந்தவரை, சிக்கனம் ஆகாது.

ஆனால் ஒட்டுக்கன்று என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது. புறநகர் நாற்றுமேடை ஒன்றில் நான் வாங்கிய றம்புட்டான் கன்று செழிப்பாகத்தான் வளர்ந்தது. ஓராண்டு கழித்து அடியைக் கூர்ந்து பார்த்தபோது, ஒட்டிய அரும்பு எப்போதோ காய்ந்து கறுத்துப்போயிருந்ததும், அதற்கு இரண்டு விரற்கடை கீழே ஒட்டுக்கட்டையிலிருந்து, அதாவது அரும்பைத் தாங்கும் அடிக்கன்றிலிருந்து, கிளம்பிய தளிர்தான் அத்தனை உயரத்துக்கும் வளர்ந்திருந்ததும் தெரிந்தது. ஒட்டுக்கன்றின் விலையைக் கொடுத்து விதைக்கன்றை வாங்கியிருந்தேன். வாங்கும்போதே தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பைத் தேடி, தளிர் அதற்கு மேலிருந்து வருகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், பின்னாளில் தழும்புக்குக் கீழே எழும் முளைகளை உடனுக்குடன் கிள்ளிவிடுவதும் அரை நிமிட வேலைகள்.

மங்குஸ்தானின் கதை முற்றிலும் வேறு. மங்குஸ்தான் கொட்டை என்று நாம் சொல்வது மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையே அல்ல. தாய்மரத்தின் இழையத்திலிருந்து நேரே உருவாகும் ஒன்று. அதனால் அதிலிருந்து வரும் கன்று தாயின் மறுபதிப்பு. ஆண் மரம் வந்துவிடுமோ என்ற அச்சமும் இல்லை, ஏனெனில் தோட்டங்களில் ஆண் மரமே காணப்படுவதில்லை. களுத்துறைப் பக்கத்து வீதியோரக் கடையில் உண்ட பழம் பிடித்திருந்தால், அதன் கொட்டையை நம்பி ஊன்றலாம். பழத்தின் அடிப்பக்கத்தில் பூப்போல விரிந்திருக்கும் சூலகமுடியின் இதழ்களை எண்ணினால் உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும் என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த வேடிக்கை. விதை தேடுபவர் கவனிக்க வேண்டியது, அந்த ஐந்தாறு சுளைகளில் பெரிய ஒன்றிரண்டில் மட்டுமே முழுக்கொட்டை இருக்கும் என்பதைத்தான். ஒரு கிராமுக்குக் குறைந்த சின்னக் கொட்டைகள் முளைத்தாலும் தேறுவது அரிது.

அது முளைக்கும் விதமும் விசித்திரமானது. இரண்டு மூன்று வாரங்களில் கொட்டையின் ஒரு முனையிலிருந்து வேரும், எதிர்முனையிலிருந்து தளிரும் வெளிவருகின்றன. பின்னர் தளிரின் அடியிலிருந்தே இன்னொரு வேர் இறங்கி, முதலில் வந்த வேர் மெல்ல அழிந்துபோகிறது. இது தெரியாமல், பழைய வேர் அழுகுவதைக் கண்டு கன்று செத்துவிட்டதென்று என் முதலாவது கன்றை நான் பிடுங்கி எறிந்தேன். தப்பிப் பிழைக்கும் கன்றும் ஆமை வேகத்தில்தான் வளரும். வேர்மயிர்கள் இல்லாத வலுவற்ற வேர்த்தொகுதி என்பதால் இரண்டாண்டுகளில் ஓர் அடி உயரம் எட்டினாலே நல்ல வளர்ச்சி. முதற் சில ஆண்டுகள் வாழையின் நிழலோ வலையின் நிழலோ வேண்டும். காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். இதிலும் ஒட்டுக்கன்று உண்டு, சில ஆண்டுகள் முந்திக் காய்க்கவும் கூடும். ஆனால் மரம் குறுகி விளைச்சலும் குறைவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பழத்தின் தரத்தில் ஒட்டு தருவதற்கு மேலதிகமாக எதுவும் இல்லை. பொறுமை உள்ளவருக்கு விதையே மேல் என்பது என் தீர்ப்பு. கடற்காற்றும் மணலும் உள்ள வெள்ளவத்தைக் கரையோர வளவுக்கல்ல, மகரகமை, ஹோமாகமைப் பக்கத்து ஈரமான மண்ணுக்கு.

இரண்டு பழத்துக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த விதைகள் காயக்கூடாது. பாகற்கொட்டையைக் காயவைக்கும் பழக்கத்தில், முதன்முறை கிடைத்த றம்புட்டான் கொட்டைகளைப் பத்திரிகைத் தாளில் பரப்பி யன்னலோரம் ஒரு வாரம் வைத்திருந்தேன். இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை, சதையை மண்ணோடு தேய்த்துக் கழுவி, அன்றைக்கே தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்த பையில் படுக்கைவாக்கில், தழும்புள்ள பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றினேன். பதினைந்து நாட்களுக்குள் பெரும்பாலானவை தலைகாட்டின. வெப்பமண்டல ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளுக்கு உறங்கிக் கிடக்கும் திறன் இல்லை. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட சுமார் 70,000 றப்பர் விதைகளில் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. அந்த நாற்றுகளிற் பெரும்பங்குதான் கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. விதையாக அனுப்பாமல் கண்ணாடிப் பெட்டிகளில் கன்றாக அனுப்பியதற்கும் இதுவே காரணம்.

மாமரத்தில் விடை மரத்துக்கு மரம் மாறும், ஆனால் அதை நாமே திறந்து பார்க்க முடியும். கொட்டையின் ஓட்டினை விளிம்போரமாகக் கத்தரித்துப் பிளந்தால், சிலவற்றில் ஒரே பருப்பும், சிலவற்றில் நெருக்கி அடுக்கிய பல துண்டுகளும் இருக்கும். பல துண்டுகள் உள்ள கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றிற் பெரும்பாலானவை தாயின் படிகள். ஒரே பருப்பு உள்ளதிலிருந்து வருவது கலப்புப் பிள்ளை. வெள்ளைக்கொழும்பான் முதல் வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் அதை மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் ஒட்டுக்கட்டையாகவே பயன்படுத்துகிறார்கள். அல்போன்சோ இரண்டாம் வகை. அதன் கொட்டையை ஊன்றுவது சீட்டுப் போடுவதற்குச் சமம். கறுத்தக்கொழும்பானைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கொட்டைகளாவது வெள்ளவத்தை மண்ணுக்குள் போகின்றன. விதையா ஒட்டா என்பதற்கு முன், அங்கே கேட்க வேண்டியது மழையைப் பற்றித்தான். மாமரம் பூக்க வறண்ட காலம் வேண்டும். பூத்திருக்கும்போது மழை விழுந்தால் பூங்கொத்து கருகிவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் கொழும்பில், பெயரில் கொழும்பைச் சுமக்கும் அந்த மரம் தழைத்து நிழல் தரும்; யாழ்ப்பாணத்தில் காய்ப்பதுபோல் காய்க்காது.

பலாவில் விதைக்கும் ஒட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிகைப்படுத்துகிறோம் என்பது என் எண்ணம். விதைக்கன்று வருக்கையாகுமா கூழனாகுமா என்பது பழுக்கும்வரை தெரியாது. காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும், ஒட்டு அதை மூன்று நான்காகக் குறைக்கும். ஆனால் பிஞ்சுப் பலாக் கறியான பொலஸாகவும் பலாக்காய்க் கறியாகவும் பலாவில் பாதியைப் பிஞ்சிலேயே முடித்துவிடும் வீடுகளில் சுளை உறுதியா குழைவா என்பது அவ்வளவு பெரிய பிரச்சினை அல்ல. யோசிக்க வேண்டியது வேறு: 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் கீழ் பலாவை அனுமதியின்றி வெட்ட முடியாது. மதிலோரம் நட்டுவிட்டுப் பின்னர் மனம் மாறுவது எளிதல்ல.

பப்பாசிக்கு ஒட்டு பற்றிய பேச்சே எழுவதில்லை. போட்டி, கடையில் விற்கும் பொதிவிதைக்கும் உண்ட பழத்தின் விதைக்கும் இடையில்தான். பொதியில் விற்கும் ரெட் லேடி வகை கலப்பினம், ஆகவே அதன் பழத்திலிருந்து எடுத்த விதை ஒரே மாதிரியான மரங்களைத் தராது. மற்றப்படி, உருண்டைப் பழத்தை விட்டு நீண்ட பழத்தின் விதையை எடுக்க வேண்டும்: நீண்டது, ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒன்றாக உள்ள இருபால் பூவிலிருந்து வந்தது. அது தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருந்தால் கன்றுகளில் மூன்றில் இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் அமையும், ஆண் வராது. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையைத் தேய்த்து நீக்காவிட்டால் முளைப்பு தாமதமாகும். ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்ததும் நீண்ட காம்பில் தொங்கும் ஆண் பூக்காரரைப் பிடுங்கிவிடலாம். தவறினாலும் இழப்பு ஓராண்டுக்குக் குறைவே.

ஒக்டோபர் மழையில் பைகளில் எழுதிய பெயர்கள் அழிந்துபோய், எது எது என்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு பைகளின் முன் நின்ற அனுபவம் எனக்குண்டு. பைகளுக்குக் கீழே தட்டு வைக்கும் பழக்கத்தையும் அந்த மழையோடுதான் கைவிட்டேன். தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பியைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போட்டுவிடுவார். பெயர் இல்லாவிட்டாலும் இலையே பேசும். கசக்கினால் மாங்காய் மணம் எழுவது மா. கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் வடிந்து, இளம் இலைகளில் சில விரல்விட்டாற்போல் பிளவுபட்டிருப்பது பலா. தடித்த, பளபளப்பான இலைகள் எதிரெதிராக அமைந்து, காயத்தில் மஞ்சட்பால் கசிவது மங்குஸ்தான். அதே குடும்பத்துக் கொறக்காவோடு குழம்பாதிருக்க இலையின் அகலத்தைப் பாருங்கள், மங்குஸ்தான் இலை பெரிது. காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இருந்து, நுனியில் தனிச்சிற்றிலை இல்லாதிருப்பது றம்புட்டான். மிஞ்சிய ஒரு பையிலிருந்த கன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்புறம் செம்புப் பூச்சுப் பூசினாற்போல் மின்னியது. தூரியான்! ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து, இரவில் வெளவால் வந்து மகரந்தம் சேர்த்து, பெரும்பாலும் அருகே வேறு ஒரு தூரியான் மரமும் இருந்து, கடைசியில் முள் நிறைந்த கனதியான பழம் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுவதற்கு என் வளவில் இடம் கிடையாது. அவிசாவளையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் அத்தானிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.