ஜோடிப் பூனை எடுப்பவர்கள் கூட வரும் பூனையையும் பார்க்க வேண்டும்

கண் போன பூனை ஒன்று, அதை விட்டுப் பிரியாத இன்னொன்று. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும் ஒன்று, அதன் முதுகில் தலைவைத்துத் தூங்கும் இன்னொன்று. மீட்டு வளர்ப்பவர்கள் இவற்றைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எடுக்க வருகிறவர் குறையுள்ள பூனையைப் பற்றியே துருவித் துருவிக் கேட்பார். நன்றாக இருப்பதை "அது பாட்டுக்கு இருக்கும்" என்று விட்டுவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு கணக்கைக் குழப்புவது பெரும்பாலும் அதுதான்.

முதலில், ஜோடி உண்மையிலேயே ஜோடியா? ஒரே தெருவில் பிடித்ததாலோ ஒரே கூண்டில் கிடந்ததாலோ ஜோடி ஆகிவிடாது. உடம்போடு ஒட்டித் தூங்க வேண்டும், ஒன்றின் தலையை மற்றது நக்கிவிட வேண்டும், பிரித்தால் கத்த வேண்டும் அல்லது தட்டைத் தொடாமல் கிடக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் ஆபத்தும் உண்டு. வளர்ந்த பூனை, அதிலும் கொஞ்சம் பருமனானது, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். பிரிக்காதீர்கள் என்பது வெறும் பாசத்தில் சொல்வதில்லை.

கண் தெரியாதது, கூடவே கண் தெரிந்தது

குட்டியாக இருக்கையில் வரும் சளித் தொற்று கண்ணில் இறங்கி, மருந்தில்லாமல் கெட்டுப்போய், கடைசியில் கண்ணையே எடுத்துவிட்ட பூனைகள்தான் இதில் அதிகம். பார்க்கப் பாவமாக இருந்தாலும் வளர்க்க இதுதான் எளிது. மீசையும் மூக்கும் காதும் போதும், சில நாளில் வீட்டை மனப்பாடம் செய்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, கட்டிலையும் தண்ணீர்க் குடத்தையும் இடம் மாற்றாமல் இருப்பது. தொடும் முன் குரல் கொடுப்பது. தூக்கினால் நடுக்கூடத்தில் இறக்காமல் மலத் தட்டின் பக்கத்திலோ தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலோ விடுவது. அங்கிருந்து அது வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

தொல்லை கண் தெரிந்ததால்தான் வரும். மதுரையில் சிம்மக்கல், கீழவாசல் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மாடிக்கு மாடி தாவுவது பூனைக்கு நடைபாதை மாதிரி. அது தாவினால், சத்தத்தை வைத்தே மற்றது பின்னால் போய்க் கைப்பிடிச் சுவரில் ஏறிவிடும். ஆகவே இரண்டுமே வீட்டுக்குள். சன்னல் கம்பி மட்டும் போதாது, உள்பக்கம் அரை அங்குல வெல்டு மெஷ் அடிக்க வேண்டும். பால்கனிக்குப் புறா வலை கட்டினால் நான்கு பக்கமும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, கடித்த இடம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கண் தெரிந்ததன் கழுத்தில், மாட்டிக்கொண்டால் தானே கழன்றுவிடும் பட்டையில் ஒரு சின்ன மணி. மற்றதற்கு அதுதான் வழிகாட்டி.

தள்ளாடும் இரண்டு

தாய்ப்பூனைக்குச் சினையில் பன்லூக்கோபீனியா என்ற பூனைத் தொற்றுநோய்க் கிருமி தாக்கினால் குட்டிகளின் சிறுமூளை முழுதாக வளராது. தலை ஆடும், நடை தள்ளாடும். வலி கிடையாது, வயது ஏற ஏற மோசமாவதும் கிடையாது. பெரும்பாலும் உடன்பிறந்தவை என்பதால் இரண்டுமே தள்ளாடும். ஒன்று ஓட மற்றது தவிக்கும் சிக்கலே இல்லை. அந்த வகையில் நிம்மதியான ஜோடி.

இவற்றுக்குப் பகை வழவழ டைல்ஸ். கோரைப்பாய் சறுக்கும், தேங்காய் நார் மிதியடியில் நகம் மாட்டும். பழைய யோகா பாயை வெட்டிப் போடுங்கள். கிண்ணம் கனமாக, தரையிலிருந்து மூன்று நான்கு அங்குல உயரத்தில். மலத் தட்டுக்கு மூன்று பக்கம் உயர்ந்த பிளாஸ்டிக் பெட்டி, நாலாவது பக்கம் தாழ வெட்டியது. பெட்டியின் சுவரில் சாய்ந்துகொண்டுதான் மலம் கழிக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் மணல் வேண்டாம், விழுந்து புரண்டால் ரோமத்தில் அப்பிக்கொள்ளும். தட்டில் போட மரத்தூள் உருண்டைகள் நல்லது. மாடிப்படிக்கு ஒரு தடுப்பு. பாவம் பார்த்துக் கூண்டில் அடைத்தால் தசை சுருங்கி, நடக்கிற நடையும் போய்விடும்.

பின்னங்கால் இழுப்பது, கூடவே ஓடியாடுவது

வண்டி மோதியோ நாய் கடித்தோ முதுகெலும்பு போனவை. இங்கே ஒரே ஒரு கேள்வி: தானாக மூத்திரம் போகிறதா? போகாது என்றால் தினமும் இரண்டு மூன்று வேளை நீங்கள்தான் வெளியேற்ற வேண்டும், தீபாவளி அன்றும். பூனையை நிற்கிற நிலையில் பிடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் கை கொடுத்தால் எலுமிச்சம்பழம் போல மூத்திரப்பை தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைத் தட்டையாக வைத்து, வால் பக்கமாகச் சீராக அழுத்த வேண்டும். பை சுருங்கி நழுவும்வரை விடாதீர்கள். பாதியில் விட்டால் மிச்சத்தில் கிருமி சேரும். மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் கற்றுத்தராமல் தனியாக முயலாதீர்கள். பை கல்லாக இருந்து சொட்டும் வராவிட்டால், அதுவும் கடுவனாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிமெண்டுத் தரையில் இழுபட்டால் தொடை தோல் உரிந்து புண்ணாகும். ஈர ரோமத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வாலுக்கு ஓட்டை வெட்டிய குழந்தை டயாபர் சில மணி நேரத்துக்குச் சரி, நாள் முழுக்கக் கட்டினால் தோல் வெந்துபோகும். கூட இருப்பது தோழமையில் அந்த ஈரப் பின்பக்கத்தை நக்கும், விளையாட்டில் மேலே பாயும், மருந்து கலந்த சோற்றையும் தின்றுவிடும். உணவு வேளையில் கதவைச் சாத்தி இரண்டையும் தனித்தனியாக வைப்பதுதான் வழி.

எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் கிருமி) உள்ள ஜோடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களுக்கு வராது, பூனைக்குள்ளும் முக்கியமாக ஆழமான கடியில்தான் பரவும், அடித்துக்கொள்ளாத ஜோடிக்குப் பயமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சோதனையில் 'உண்டு' என வந்தால் அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம், வளர்ந்தபின் மறுபடி பாருங்கள். எஃப்இஎல்வி, அதாவது பூனை ரத்தப் புற்றுநோய்க் கிருமி, வேறு கதை. எச்சிலில் பரவும், நக்கிக்கொள்ளும் ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் எடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

இருவரும் காலை போய் மாலை திரும்பும் வீட்டுக்குக் கண் தெரியாத ஜோடியோ தள்ளாடும் ஜோடியோ பொருந்தும். மூன்றாவது ஜோடி, பகலில் பழகிய கை ஒன்று இருக்கும் வீட்டுக்கு மட்டும். ஊருக்குப் போனால் அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் இல்லையென்றால், எங்கள் பேச்சைக் கேட்டு விட்டுவிடுங்கள்.

எந்த ஜோடியானாலும் மலத் தட்டு மூன்று. வெறும் மீன்சோறு போதாது, டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு உலர் உணவு 50 முதல் 60 கிராம். தரை துடைக்கும் பினாயில் பூனைக்கு விஷம், தரையோடு உரசிக் கிடக்கும் மூன்றாவது ஜோடிக்கு இரட்டை விஷம். அந்துருண்டையும் அப்படித்தான். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் கதை முடிந்தது.

மருத்துவமனைக்குத் தல்லாகுளம் போனாலும், பெரிய சோதனைக்காகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், இரண்டையும் கூட்டிப் போங்கள். ஒன்று மட்டும் ஸ்பிரிட் வாடையோடு திரும்பினால், வருஷக்கணக்கில் ஒட்டித் தூங்கிய மற்றது அதை அந்நியன் என்று சீறும். கண் தெரியாததுக்கு வாடைதான் முகம் என்பதால் அங்கே சண்டை பலக்கும். அப்படி ஆகிவிட்டால் தனி அறையில் வைத்து, வீட்டிலிருந்த பூனை படுத்த துண்டால் வந்ததைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்துக் கதவிடுக்கு வழியாகச் சாப்பாடு வைத்துப் பையச் சேருங்கள்.